பொது நீச்சல் குளக் கட்டடம்: தொட்டி, கூரை, காற்று, வெப்பம் எல்லாவற்றையும் ஒரே கணக்கில் வடிவமைக்கும் முறை

உள்ளரங்க நீச்சல் குளத்தில் கட்டடத்தை அரிப்பதும் மின்கட்டணத்தை ஏற்றுவதும் ஒன்றேதான்: நீரின் மேற்பரப்பிலிருந்து இரவும் பகலும் எழும் ஆவி. கட்டமைப்புப் பொறியாளர் ஒரு மூலையிலும் குளிரூட்டல், காற்றோட்டப் பொறியாளர் வேறொரு மூலையிலும் தனித்தனியாக வரைந்துவிட்டுக் கடைசியில் சேர்த்துப் பார்க்கிற வழக்கம் இந்தக் கட்டடத்துக்கு ஒத்துவராது. கூரைக் கம்பியின் உலோகத் தரம், கண்ணாடியின் தடிமன், அரங்கின் ஈரப்பதம், இரவில் விரிக்கும் மூடு விரிப்பு ஆகிய நான்கும் ஒன்றையொன்று தீர்மானிக்கின்றன.

கணக்குகள் கைக்கு எட்டும்படி, இங்கே ஒரே குளத்தை எடுத்துக்கொள்வோம். 25 மீட்டர் நீளம், 12.5 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.5 மீட்டர்; சுமார் 470 கன மீட்டர் நீர். நீர் 28 டிகிரி செல்சியஸ், காற்று அதைவிட ஒரு டிகிரி கூடுதலாக 29. காற்று நீரைவிடக் குளிர்ந்திருந்தால் ஆவியாதல் கூடும், நனைந்த உடம்பும் நடுங்கும். அதனால்தான் அந்த ஒரு டிகிரி.

1. ஆவியாதலைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள்

வரைபடம் எதுவும் வரைவதற்கு முன் போட வேண்டிய கணக்கு இது:

ஒரு விநாடியில் ஆவியாகும் நீர் (கிலோ) = 0.00004 × குளத்தின் பரப்பு × (நீர் வெப்பநிலையில் நிறைநிலை ஆவியழுத்தம் − அரங்கக் காற்றின் ஆவியழுத்தம்) × பயன்பாட்டுக் காரணி

ஆவியழுத்தம் என்பது காற்றிலுள்ள நீராவி தரும் அழுத்தம்; காற்று இனி ஆவி கொள்ளாத எல்லையே நிறைநிலை. அழுத்தம் கிலோபாஸ்கலில், பரப்பு சதுர மீட்டரில். பொதுக் குளத்தில் ஆட்கள் நீந்தும் நேரத்துக்குக் காரணி 1, ஆளில்லாத நேரத்துக்கு 0.5. 28 டிகிரி நீருக்கு நிறைநிலை அழுத்தம் 3.78. 29 டிகிரிக் காற்று 60 சதவீத ஈரப்பதத்தில் இருந்தால் அதன் ஆவியழுத்தம் 2.40. நம் குளத்தின் 312.5 சதுர மீட்டருக்கு மணிக்கு 62 கிலோ நீர் ஆவியாகிறது. ஒவ்வொரு கிலோவும் போகும்போது ஏறத்தாழ 0.68 யூனிட் வெப்பத்தை நீரிலிருந்து எடுத்துக்கொண்டு போகிறது. ஆக, குளம் 42 கிலோவாட் வெப்பத்தை இடைவிடாமல் இழக்கிறது.

ஈரப்பதத்தை 50 சதவீதமாக இறக்கினால் என்ன ஆகும்? ஆவியழுத்தம் 2.00 ஆகிறது, ஆவியாதல் மணிக்கு 80 கிலோவாகிறது, இழப்பு 54 கிலோவாட்டைத் தாண்டுகிறது. காற்றை உலர்த்த உலர்த்த நீர் இன்னும் வேகமாக ஆவியாகிறது. அந்த ஆவியை வெளியேற்றவும் தனியே மின்சாரம் செலவாகிறது. அப்படியானால் 60 சதவீதத்திலோ, 64 சதவீதத்திலோ வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். வைக்கலாம்தான். ஆனால் சுவரும் கண்ணாடியும் கூரையும் அதைத் தாங்குமா என்பதை அடுத்த கணக்குதான் சொல்லும்.

2. வெளிக்கூடு: பனிநிலையை எங்கும் தொடவிடாதீர்கள்

29 டிகிரி, 60 சதவீதக் காற்றின் பனிநிலை 20.4 டிகிரி. அரங்கில் எந்தப் பரப்பாவது அதற்குக் கீழே குளிர்ந்தால் அங்கே நீர் முத்து முத்தாகக் கோக்கும். உள்பரப்பின் வெப்பநிலையைக் காண எளிய சூத்திரம்: உள் வெப்பநிலை − (யூ மதிப்பு × 0.13 × உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வேறுபாடு). யூ மதிப்பு என்பது ஒரு பரப்பு வழியே வெப்பம் எவ்வளவு எளிதாகக் கசிகிறது என்பதைச் சொல்லும் எண்; குறைந்தால் நல்லது.

வெளியே 0 டிகிரி இருக்கும் ஊர் என்று வைத்துக்கொள்வோம். யூ மதிப்பு 2.8 உள்ள பழைய இரட்டைக் கண்ணாடியின் உள்முகம் 18.4 டிகிரிதான் இருக்கும். காலையில் கண்ணாடி முழுக்க வியர்த்து ஒழுகும். 1.4 என்றால் 23.7, நடுப்பகுதி தப்பிக்கும். ஆனால் கண்ணாடியின் ஓரமும் சட்டமும் நடுப்பகுதியைவிடக் குளிர்ச்சி, நனைவது அங்கேதான். 0.8 உள்ள மூன்றடுக்குக் கண்ணாடி 26 டிகிரியில் நிற்கும். செலவு அதிகம் என்று மூன்றடுக்கைக் கைவிடுகிறவர்கள் அடுத்த 30 ஆண்டுகளுக்கு ஈரப்பதத்தை 50 சதவீதத்தில் வைத்தே ஓட்ட வேண்டியிருக்கும் என்பதைச் சேர்த்துக் கணக்கிடுவதில்லை. ஜெர்மனியின் லியூனன் நகரில் 2011இல் திறந்த லிப்பே குளமும், இங்கிலாந்தின் எக்ஸெட்டரில் 2022இல் திறந்த செயின்ட் சிட்வெல்ஸ் பாயின்டும் மிகக் குறைந்த ஆற்றலில் இயங்கும் கட்டடங்களுக்கான பாசிவ் ஹவுஸ் தரத்தில் கட்டப்பட்டவை. வெளிக்கூட்டை நன்றாகக் காப்பிட்டால் உள்ளே ஈரப்பதத்தைக் கூட்டி வைக்கலாம், கூட்டினால் ஆவியாதல் குறையும் என்பதே அவற்றின் அடிப்படை.

குளிர்ப் பிரதேசத்தில் ஆவித்தடைப் படலம் காப்புப் பொருளின் உள்பக்கம், அதாவது வெப்பப் பக்கம், ஓரிடத்திலும் அறுபடாமல் ஓட வேண்டும். சுவரும் கூரையும் சந்திக்கும் மூலை, பீம் சுவருக்குள் நுழையும் இடம், குழாய் துளைத்துப் போகும் இடம் ஆகிய மூன்றும்தான் வழக்கமாகக் கிழிந்திருக்கும் இடங்கள். இவற்றுக்கு 1:5 அளவில் தனி விவர வரைபடம் இல்லாமல் வேலையைத் தொடங்கவிடாதீர்கள். கிழிசல் வழியே காப்புக்குள் புகும் ஆவி அங்கேயே நீராகித் தேங்கும். வெளியே தெரியாது. பஞ்சு நனைந்து காப்பாற்றலை இழந்து, தகடு துருப்பிடித்து, பூஞ்சை வாடை வந்த பிறகுதான் தெரியும்.

வெப்பமும் ஈரமும் மிகுந்த பிரதேசத்தில் கதை வேறு. அங்கே கண்ணாடியில் நீர் கோக்கும் கவலை குறைவு. வெயில் வெப்பத்தைத் தடுக்கும் கூரைக் காப்பும் நிழல் மறைப்புமே முதல் செலவாக இருக்க வேண்டும். வெளிக்காற்று அரங்கைவிட ஈரமாக இருப்பது அங்கே பெரிய சிக்கல். அதைக் காற்றோட்டப் பகுதியில் பார்ப்போம்.

அரங்கின் உயரமும் ஆற்றல் கணக்கில்தான் வரும். பாரிஸ் 2024 ஒலிம்பிக்குக்காகச் சேன் தெனியில் கட்டிய நீச்சல் மையத்தின் மரக்கூரை நடுவில் தொங்குவதுபோல் உள்வாங்கி இருக்கும். பார்வையாளர் வரிசைக்கு மேல் உயரமும் நீருக்கு மேல் தாழ்வும் கிடைப்பதால் சூடாக்க வேண்டிய காற்றின் கன அளவு குறைகிறது. குதிப்பு மேடை இல்லாத நம் 25 மீட்டர் குளத்துக்கு 5 முதல் 5.5 மீட்டர் உயரம் தாராளம்.

3. தொட்டி: காலியாக இருக்கும்போதுதான் ஆபத்து

நிறைந்த தொட்டியைப் பற்றி எல்லோரும் யோசிக்கிறார்கள். 2 மீட்டர் ஆழமான சுவரில் நீர் தள்ளும் விசை மீட்டருக்கு 19.6 கிலோநியூட்டன், அடியில் வளைவுத் திருப்புமை 13.1 கிலோநியூட்டன்-மீட்டர். 300 மிமீ சுவருக்கு இது ஒன்றுமே இல்லை. ஆனால் சுவரை இரண்டு நிலைகளுக்கும் வடிவமைக்க வேண்டும்: வெளியே மண் போடாமல் உள்ளே நீர் நிறைந்த சோதனை நிலை, உள்ளே காலியாக, வெளியே மண்ணும் நிலத்தடி நீரும் தள்ளும் பராமரிப்பு நிலை. கம்பி இரு முகத்திலும் வேண்டும் என்பதற்கு இதுவே முதல் காரணம்.

அடித்தளத்துக்கு வருவோம். 300 மிமீ ஸ்லாப்பின் எடை சதுர மீட்டருக்கு 7.5 கிலோநியூட்டன். நிலத்தடி நீர் ஸ்லாப்பின் அடியிலிருந்து 1 மீட்டர் ஏறினால் மேல்நோக்கிய அழுத்தம் 9.8. குளத்தைச் சுத்தம் செய்யக் காலியாக்கிய அன்றே ஸ்லாப் மேலெழும்பி விரிசல் விடும். ‘தடிமனைக் கூட்டிவிடலாம்’ என்பதுதான் உடனே வரும் பதில். மேல்நோக்கிய விசைக்கு 1.1 பாதுகாப்புக் காரணி வைத்தால் 10.8 தேவை, 430 மிமீ போதும் என்று கணக்கு சொல்லும். அங்கேதான் பலர் தவறுகிறார்கள். குளத்தின் உள் ஆழம் மாறாது; ஆகவே தடிமன் கீழ்நோக்கித்தான் கூடும். கீழே இறங்க இறங்க நீரின் அழுத்தமும் கூடும். நீர்மட்டம் ஸ்லாப்பின் மேல்முகத்திலிருந்து 0.7 மீட்டரில் நிற்கும் இதே உதாரணத்துக்கு, சரியாகப் போட்டால் 530 மிமீ வரும். அவ்வளவு கான்கிரீட் போடுவதைவிட, அடித்தளத்தைச் சுவருக்கு வெளியே நீட்டி அதன்மேல் மண் எடையை ஏற்றுவது, ஸ்லாப்பை மேலெழும்பாமல் பிடித்துவைக்கும் ஆழ்தூண்களான இழுவிசை பைல் போடுவது, ஸ்லாப்புக்கு அடியில் ஜல்லி வடிகால் அடுக்கும் பம்ப் குழியும் வைப்பது ஆகியவற்றை ஒப்பிட்டுப் பாருங்கள். வடிகாலை நம்பினால் அந்தப் பம்புக்கு மாற்றுப் பம்பும் மாற்று மின்சாரமும் கட்டாயம். மழைக்காலத்தின் உச்ச நீர்மட்டத்தையே எடுக்க வேண்டும். கோடையில் தோண்டிய ஆய்வுக் குழி சொல்லும் மட்டத்தை நம்பக் கூடாது.

கான்கிரீட் 35 முதல் 40 மெகாபாஸ்கல், நீர்-சிமென்ட் விகிதம் 0.45க்கு மேல் போகாமல், நீர்ப்பக்கக் கவர், அதாவது கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் தடிமன், 45 முதல் 50 மிமீ. விரிசல் அகல வரம்பு 0.2 மிமீ. இந்த வரம்பை மீறவைப்பது பெரும்பாலும் நீரின் அழுத்தமல்ல, சிமென்ட் இறுகும்போது எழும் சூடு. ஏற்கெனவே இறுகிய ஸ்லாப்பின் மேல் சுவரை வார்க்கிறோம். சுவர் சூடேறி, பின் குளிர்ந்து சுருங்கப் பார்க்கிறது. ஸ்லாப் விடாமல் பிடிக்கிறது. செங்குத்தாக, சுவரைத் துளைத்துக்கொண்டு விரிசல் விழுகிறது. இதைத் தடுக்க வேண்டியவை கிடைக்கம்பிகள். 16 மிமீ கம்பியை 200 மிமீ இடைவெளியில் போடுவதைவிட 12 மிமீ கம்பியை 100 முதல் 125 மிமீ இடைவெளியில் இரு முகத்திலும் போடுவது விரிசலை நுண்ணியதாகப் பிரித்துவிடும். சிமென்டில் ஒரு பங்கைப் பறக்கும் சாம்பலாலோ உலைக் கசடாலோ மாற்றினால் சூடு குறையும். ஸ்லாப்புக்கும் சுவருக்கும் இடையே வாரக்கணக்கில் நாள் விடாதீர்கள்.

ஸ்லாப் வார்க்கும்போதே சுவரின் அடியில் 100 முதல் 150 மிமீ உயரத்துக்குக் கிக்கர் எனப்படும் சுவரின் தொடக்கத் திட்டை எழுப்பி, அதில் இணைப்பு வழியே நீர் கசியாமல் தடுக்கும் பட்டையான வாட்டர் பாரைப் பாதி புதைத்துப் பாதி நிற்கவிட வேண்டும். வாட்டர் பார் மடிந்து சாய்ந்து அதன் அடியில் காற்று சிக்கிக்கொள்வதே கசிவின் முதல் காரணம். கம்பியோடு ஒவ்வொரு 300 மிமீக்கும் ஒரு கட்டுப் போட்டு நிமிர்த்தி வையுங்கள். பிவிசி என்றால் மூலைகளைச் சூடாக்கி உருக்கி ஒட்ட வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று படிய வைத்துவிட்டுப் போகக் கூடாது. ஷட்டரிங்கின் இரு பலகைகளையும் இழுத்துப் பிடிக்கும் டை ராடுகள் சுவரைத் துளைத்துச் செல்லும் வகையாக இருக்கக் கூடாது. நடுவில் நீர்த்தடுப்பு வளையம் உள்ளதையே வாங்குங்கள்.

விளக்கு, உறிஞ்சு வாய், நீர் நுழைவாய், படிக்கட்டுப் பிடி, மூடு விரிப்பின் உருளைக் குழி என எல்லாவற்றின் இடமும் கான்கிரீட் போடும் முன் முடிவாகியிருக்க வேண்டும். பிறகு துளையிட்ட ஒவ்வொரு ஓட்டையும் கசியும். மூடு விரிப்பை ‘பின்னால் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளினால் அதற்கான குழிக்கு இடமே இருக்காது. ஆற்றல் சேமிப்பில் முதலிடம் அந்த விரிப்புக்குத்தான்.

நீளத்தில் ஒரு நுணுக்கம். போட்டிக்குரிய குளத்தில் முடிந்த நீளம் 10 மிமீ வரை கூடலாம், ஒரு மிமீகூடக் குறையக் கூடாது, நீர்மட்டத்துக்கு 0.3 மீட்டர் மேலிருந்து 0.8 மீட்டர் கீழ்வரை எல்லாப் பாதையிலும் இது பொருந்தும். நேரம் பதியும் தொடுபலகை ஒவ்வொன்றும் 10 மிமீ தடிமன். இரு முனையிலும் பொருத்துவதானால் டைல்ஸ் ஒட்டிய பின் 25.02 மீட்டர் நிற்க வேண்டும். பூச்சு, ஒட்டுப்பசை, டைல்ஸ் மூன்றுக்கும் முனைக்கு 30 மிமீ, கான்கிரீட்டின் பிழைக்கு இன்னும் கொஞ்சம் என ஒதுக்கித் தொட்டியை அதற்கேற்பப் பெரிதாக வாருங்கள். கான்கிரீட் சிறுத்துவிட்டால் சரிசெய்ய வழி சுவரைச் செதுக்குவதுதான், செதுக்கினால் கம்பியின் கவர் போய்விடும்.

4. கூரையும் அதில் தொங்குபவையும்

1985 மே 9 அன்று சுவிட்சர்லாந்தின் ஊஸ்டர் நகரில், திறந்து 13 ஆண்டே ஆன உள்ளரங்கக் குளத்தின் கான்கிரீட் உட்கூரை நீர்மேல் இடிந்து விழுந்தது. 12 பேர் இறந்தார்கள். அதைத் தாங்கி நின்றவை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தொங்கு கம்பிகள். குளோரினும் நீந்துபவர் வியர்வையும் சேர்ந்து உண்டாகும் சேர்மங்கள் காற்றில் ஏறி, யாரும் துடைக்காத கம்பியின்மேல் படிந்து, செறிந்து, இழுவிசையோடு சேர்ந்து உலோகத்தை உள்ளே வரை பிளந்துவிட்டன. தகைவு அரிப்பு விரிசல் என்று பெயர். வெளியே துரு பெரிதாகத் தெரியாது. வளையாமல், முன்னறிவிப்பில்லாமல் படாரென்று முறியும்.

எனவே விதி தெளிவு. 304, 316 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் கைப்பிடி, ஏணி போன்று நாள்தோறும் கழுவப்படும் இடங்களில் பயன்படுத்தலாம். எடை தாங்கும் எந்தத் தொங்கு கம்பிக்கும், போல்டுக்கும், கிளாம்புக்கும் அரங்கக் காற்றில் பயன்படுத்தக் கூடாது. அங்கே ஸ்டெயின்லெஸ்தான் வேண்டுமென்றால் மாலிப்டினம் மிகுந்த 1.4529, 1.4547, 1.4565 தரங்களில் ஒன்று வேண்டும். இதைக் கூரைக் கம்பிக்கு மட்டும் எழுதிவிட்டு ஒலிபெருக்கியின் கொக்கியை மறப்பதுதான் வழக்கம். காற்றுக் குழாய், விளக்கு, கடிகாரம், ஒலித்தகடு எல்லாவற்றின் கொக்கியையும் ஒரே பட்டியலில் கொண்டுவந்து, ஒவ்வொன்றுக்கும் ஏணியோ நடைபாதையோ வைத்து எட்டிப் பார்க்க வழி செய்யுங்கள். இன்னும் நல்ல வழி, தொங்கு உட்கூரையே இல்லாமல் விட்டுவிடுவது. மறைந்த வெற்றிடம் இல்லையென்றால் மறைந்த அரிப்பும் இல்லை.

சாதாரண எஃகுக் கூரைக்கு, அரிப்புச் சூழல் வகைப்பாட்டில் உள்ளரங்கக் குளங்கள் வரும் சி4 வகுப்புக்குரிய பூச்சு வேண்டும். துத்தநாக முலாமும் அதன்மேல் பெயின்டும் சேர்ந்தால் நல்லது. தூசி படியாத மூடிய குழல் வடிவங்களைத் தேர்ந்தெடுங்கள். 20 மீட்டர் இடைவெளிக்கு ஒட்டு அடுக்கு மர பீம் அழகாகப் பொருந்தும், ஆழம் 1.2 முதல் 1.3 மீட்டர் வரும். குளோரைடு மரத்தை அரிப்பதில்லை. ஆனால் ஒட்டுப்பசையைக் கேட்டு வாங்க வேண்டும். ஜெர்மனியின் பாட் ரைகன்ஹால் பனிச்சறுக்கு அரங்கில் 2006 ஜனவரி 2 அன்று மரக்கூரை இடிந்து 15 பேர் இறந்ததற்கு, ஈரத்தில் வலுவிழக்கும் யூரியா-ஃபார்மால்டிஹைடு பசை முக்கியக் காரணங்களில் ஒன்று. மரத்தை இணைக்கும் இரும்புத் தகடுகளுக்கும் மேலே சொன்ன விதிகள் எல்லாம் பொருந்தும்.

விளக்குகளை நீருக்கு நேர்மேலே வைக்காமல் கரைக்கு மேலே வையுங்கள். ஒரு எல்இடி மாற்றக் குளத்தைக் காலியாக்குகிற நிலை வரக் கூடாது.

5. நீர்ச்சுற்று

470 கன மீட்டரை 3 மணி நேரத்தில் ஒருமுறை சுற்றவிட்டால் மணிக்கு 156 கன மீட்டர். மணல் ஃபில்டரில் வேகம் மணிக்கு 25 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பதால் 6.3 சதுர மீட்டர் பரப்பு தேவை, 1.7 மீட்டர் விட்டத்தில் மூன்று ஃபில்டர் வைத்தால் சரி. குளத்திலிருந்து வழியும் நீரைப் பிடித்துவைக்கும் பேலன்சிங் டேங்கில் நீந்துபவர் விலக்கும் நீர், அலை, ஒரு ஃபில்டரின் பேக்வாஷ் (நீரை எதிர்த்திசையில் விட்டு மணலைக் கழுவுவது) மூன்றுக்கும் இடம் வேண்டும்.

இந்த நீரை 150 மிமீ குழாயில் விட்டால் வேகம் விநாடிக்கு 2.45 மீட்டர், 200 மிமீயில் 1.38. உராய்வு ஏறத்தாழ விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு எதிர்விகிதம், ஆகவே பெரிய குழாயில் உராய்வு கால்பங்கு. குழாய்க்கு ஒருமுறை செலவு, பம்ப் இரவும் பகலும் ஓடுகிறது. முழங்கை வளைவுகளையும் எண்ணிக் குறையுங்கள்.

பம்புக்கு வேகக் கட்டுப்பாட்டு டிரைவ் கட்டாயம். 15 மீட்டர் அழுத்த உயரத்துக்கு 9 கிலோவாட் இழுக்கும் பம்பை இரவு 10 மணி நேரம் 75 சதவீத ஓட்டத்தில் வைத்தால், மின்தேவை ஓட்டத்தின் மூன்றாம் அடுக்கோடு இறங்குவதால், 4 கிலோவாட்டுக்குக் கீழே வரும். வால்வைத் திருகி ஓட்டத்தைக் குறைப்பவர்களுக்கு இந்தச் சேமிப்பு கிடைக்காது. உறிஞ்சு வாய்கள் குறைந்தது இரண்டு, இடையே 2 மீட்டருக்கு மேல், ஒன்று அடைபட்டாலும் மற்றதன் வேகம் விநாடிக்கு 0.5 மீட்டருக்குள். இதில் சமரசமே கிடையாது. ஒரு குழந்தையின் முடியோ கையோ சிக்காமல் காப்பது இந்த எண்தான்.

பேக்வாஷில் வெளியேறும் நீர் சூடான நீர். ஒரு கன மீட்டரை ஒரு டிகிரி ஏற்ற 1.163 யூனிட் ஆகும். 10 டிகிரியில் வரும் புதுநீரை 28க்குக் கொண்டுவர ஒரு கன மீட்டருக்கு 21 யூனிட். வெளியேறும் நீரை ஒரு தொட்டியில் பிடித்து வெப்பமாற்றி வழியே புதுநீருக்கு அந்த வெப்பத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு விடுங்கள்.

6. காற்றும் வெப்பமும்

அரங்கத் தரைப்பரப்பு கரையோடு சேர்த்து 640 சதுர மீட்டர் என்றால், சதுர மீட்டருக்கு விநாடிக்கு 10 லிட்டர் வீதம் மணிக்கு 23,000 கன மீட்டர் காற்று சுற்ற வேண்டும். இதில் எவ்வளவு வெளிக்காற்று? உள்காற்றில் ஒரு கிலோவுக்கு 15 கிராம் ஈரம் இருக்கிறது. வெளியே 5 கிராம் இருக்கும் நாளில் 62 கிலோ ஆவியை வெளியேற்ற மணிக்கு 5,000 கன மீட்டர் போதும். 100 பேர் மூச்சுக்குத் தேவையான 4,300ஐயும் அதுவே நிறைவேற்றும். வெளியே 18 கிராம் இருக்கும் ஊரில் எத்தனை காற்றை உள்ளே விட்டாலும் ஈரம் கூடவே செய்யும். அங்கே மூச்சுக்குத் தேவையான அளவை மட்டும் எடுத்து, ஹீட் பம்ப் உலர்த்தியால் ஈரத்தைப் பிடித்து, அதில் கிடைக்கும் வெப்பத்தைக் குளநீருக்கே திருப்பிவிட வேண்டும்.

காற்று கண்ணாடியின் அடியில் நீள வாய் வழியே மேல்நோக்கி எழ வேண்டும். நீர்மேல் பலமாக வீசினால் ஆவியாதல் ஏறும். காற்று அசையவே இல்லையென்றால், குளோரினும் வியர்வையும் சேர்ந்து உண்டாகும் குளோராமின் நீர்ப்பரப்பிலேயே தங்கி நீந்துபவரின் கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். அரங்கை அடுத்த அறைகளைவிடச் சற்றுக் குறைந்த அழுத்தத்தில் வையுங்கள். இல்லையென்றால் ஈரக்காற்று உடைமாற்றும் அறைக்கும் சுவர்களுக்குள்ளும் போகும். வெப்பமீட்பிகள் பிளாஸ்டிக்கிலோ எபாக்சி பூசியதாகவோ இருக்கட்டும்.

மூடு விரிப்பின் கணக்கு நேரானது. இரவில் காரணி 0.5, மணிக்கு 31 கிலோ. 10 மணி நேரத்தில் 310 கிலோ, 210 யூனிட். விரிப்பு இதில் பெரும்பகுதியை நிறுத்திவிடும், காற்று விசிறிகளையும் இறக்கி ஓட்டலாம். விரிப்பு போடாத இரவில் விசிறியை நிறுத்தவே கூடாது; விடிவதற்குள் கூரை முழுக்க நனைந்திருக்கும். ஈரப்பதக் கட்டுப்பாட்டுக் கருவிக்கு 60 என்று ஒரே எண்ணைக் கொடுக்காமல், மிகக் குளிர்ந்த பரப்பில் ஒரு உணரியை ஒட்டி, பனிநிலை அதைவிட 2 டிகிரி தாழ்ந்தே இருக்கும்படி ஓட்டச் சொல்லுங்கள். வெளியே இதமான நாளில் ஈரப்பதம் தானே மேலே மிதக்கும், செலவும் தானே குறையும்.

7. சோதனையும் நிரப்புதலும்

டைல்ஸ் ஒட்டும் முன், வெளியே மண் போடும் முன் தொட்டியை நிரப்புங்கள். நீரைக் கான்கிரீட் உறிஞ்சி நிலைக்க 7 முதல் 21 நாள் விட்டு, அடுத்த 7 நாள் அளவெடுங்கள். ஆவியானதைக் கழித்த பின் மட்டம் சராசரி ஆழத்தில் 500இல் ஒரு பங்குக்கு மேல் இறங்கக் கூடாது. நமக்கு 3 மிமீ. ஆவியாதலை அறிய, ஒரு வாளியில் அதே நீரை நிரப்பிக் குளத்திலேயே மிதக்கவிட்டு அதன் இறக்கத்தைக் கழியுங்கள். கசியும் இடத்தை வெளிப்பக்கச் சுவரில் ஈரத் தடமாகக் கண்ணால் பார்க்கலாம். மண் போட்டுவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும்.

டைல்ஸுக்கு உள்மூலைகளிலும் 4.5 முதல் 5 மீட்டருக்கு ஒருமுறையும் நெகிழும் இணைப்பு வேண்டும். ஒட்டி முடித்து, டைல்ஸ் இடுக்குகளை நிரப்பும் க்ரவுட் இறுகிய பின் நிரப்பும்போது நாளுக்கு 750 மிமீக்கு மேல் ஏற்றாதீர்கள். வெப்பநிலையை மணிக்கு 0.25 டிகிரிக்கு மேல் உயர்த்தாதீர்கள். 12 டிகிரி நீரை 28க்குக் கொண்டுவர இந்த வேகத்தில் 64 மணி நேரம் ஆகும், 137 கிலோவாட் ஹீட்டர் தேவைப்படும். ஐந்து நாள் எடுத்துக்கொண்டால் 73 கிலோவாட் போதும். முதல் நிரப்பலுக்காக இரட்டிப்பு ஹீட்டர் வாங்கிவிட்டு அதைப் பிறகு ஆண்டு முழுவதும் அரைச் சுமையில் ஓட்டுவது வீண்.

ஈடுசெய்யும் புதுநீர்க் குழாயில் தனி மீட்டர் வைத்து, குளம் மூடும் நேரத்திலும் திறக்கும் நேரத்திலும் எழுதச் செய்யுங்கள். விரிப்பு இல்லாத இரவில் ஆவியாதலால் போவது குளத்தின் மட்டத்தில் 1 மிமீ, மீட்டரில் சுமார் 300 லிட்டர். விரிப்பு போட்ட இரவில், பேக்வாஷும் செய்யாமல், மீட்டர் 1,500 லிட்டர் ஓடியிருந்தால் அது 5 மிமீக்குச் சமம். தொட்டி சோதனையில் தேறியிருக்கும் பட்சத்தில் கசிவு பெரும்பாலும் குழாயிலோ வழிவாய்க்காலிலோ பேலன்சிங் டேங்கிலோ இருக்கும். பம்பை நிறுத்தி ஓரிரவு, ஓடவிட்டு ஓரிரவு அளந்தால் எது என்று பிரிந்துவிடும். நின்றிருக்கும்போது மட்டம் இறங்காமல் ஓடும்போது மட்டும் இறங்கினால், பம்புக்குப் பிந்தைய அழுத்தக் குழாயிலிருந்து தேடத் தொடங்குங்கள்.